இன்னும் ஒன்பது குழிகள்

கோல்ப் என்னும் பந்தாட்டத்தைப் பற்றி இப்பத்தியில் எழுத நேருமென்று நாம் நினைத்ததில்லை. அவ்வாட்டத்தோடு நமக்குப் பகையுமில்லை, பரிச்சயமுமில்லை. ஆயினும், கானடா தேசத்தில் ஒரு நாட்டுப்புறக் கிராமத்தின் கோல்ப் மைதானத்தைச் சற்றுப் பெரிதாக்க வேண்டுமென்று சிலர் ஆசைப்பட்டதிலிருந்து, 1990-ம் வருஷத்தில் அத்தேசத்து ராணுவமே கவச வண்டிகளுடன் அக்கிராமத்தைச் சூழ்ந்து நிற்கும்படியான நிலைமை உண்டாயிற்று. ஊர்ப் பொதுநிலத்தைக் காக்க வேண்டுமென்று நம் நாட்டில் உழைத்துவரும் நண்பர்கள் பலர் இவ்விருத்தாந்தத்தை அறியார் என்று தெரிகிறது. அறிந்திருக்க வேண்டிய விஷயமாதலால் இன்று அதை எடுத்துக்கொள்கிறோம்.

மாண்ட்ரீல் பட்டணத்துக்கு மேற்கே சுமார் ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில், ஒட்டாவா நதி அகன்று ஓர் ஏரியாக விரியுமிடத்தில், ஓகா என்ற கிராமம் இருக்கிறது. ஆப்பிள் தோட்டங்களும் கறவை மாடுகளும் உள்ள வளமான பிரதேசம். அங்கே மடம் அமைத்திருந்த சந்நியாசிகள் செய்யத் தொடங்கிய பாலாடைக்கட்டி இன்றும் அவ்வூரின் பெயராலேயே விலைபோகிறது. கிராமத்தை அடுத்துள்ள மேட்டுநிலம் மட்டும் வேறு விதமானது. அது வெறும் மணல். முன்னிருந்த காடு அழிந்தபின் அம்மணல் சரிந்து கீழேயுள்ள வீடுகளின்மேல் இறங்கலாயிற்று. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த மேட்டில் ஆயிரக்கணக்கான பைன் கன்றுகளை நட்டார்கள். மணல் நின்றது, கிராமம் பிழைத்தது, கன்றுகள் ஓங்கித் தோப்பாயின. அத்தோப்பின் ஓரத்தில் மோஹாக் வகுப்பாரின் இடுகாடு இருக்கிறது. அவர்கள் அவ்விடத்தைக் கனெசதாகே என்று அழைக்கிறார்கள். அம்மரங்களை நட்டவர்கள் எங்கள் முன்னோர் என்பது அவர்கள் சொல்வது. பாதிரிமார் நடுவித்தார்கள் என்பது மற்றவர்கள் சொல்வது. இரண்டும் மெய்யாயிருக்கலாம், நடச் சொன்னவர் ஒருவரும் நட்டவர் மற்றொருவருமாக இருப்பது உலகத்தில் புதிதன்று.

மோஹாக்குகள் வட அமெரிக்காவின் பூர்வகுடிகளுள் புகழ்பெற்ற ஆறு வகுப்பாரின் ஐக்கியத்தைச் சேர்ந்தவர்கள். கொலம்பஸ் செய்த பிசகினால் இவர்களுக்கும் இந்தியர் என்ற நமது பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. இவர்களுடைய பழைய ஆசாரத்தில் நிலத்தைக் காக்கும் பொறுப்பு பெண்மக்களுடையது. நிலம் விற்பனைக்குரிய சரக்கு என்ற எண்ணம் அவர்களிடையே முன்பு கிடையாது. அந்த எண்ணமுள்ளவர்கள் கடல் கடந்து வந்தார்கள். 1717-ம் வருஷத்தில், பிரான்ஸ் தேசத்து அரசின் பெயரால், ஏரிக்கரை நிலம் ஸல்பீஷியன் என்னும் பாதிரி சங்கத்துக்கு மானியமாகக் கொடுக்கப்பட்டது. அங்கே பூர்வகுடிகளைக் குடியேற்றி ஞானோபதேசம் செய்ய வேண்டுமென்பது ஏற்பாடு. இந்நிலம் உங்களுக்கே என்று சொல்லித்தான் எங்களை இங்கே அழைத்து வந்தார்கள் என்று மோஹாக்குகள் அன்றிலிருந்து கூறிவருகிறார்கள். பத்திரத்தில் பாதிரிமார் பெயரே இருந்தது.

பிரான்ஸ் ஆட்சி போய் ஆங்கிலேயர் ஆட்சி வந்தது. 1841-ம் வருஷத்துச் சட்டம் பாதிரி சங்கத்தின் உரிமையை ஊர்ஜிதம் செய்தது. மனுமேல் மனுவாக மோஹாக்குகள் எழுதினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் விறகு வெட்டியதற்காகவும் வேலி போட்டதற்காகவும் அவர்கள் வழக்குகளிலும் சச்சரவுகளிலும் அகப்பட்டனர். 1881-ம் வருஷத்தில் ஒரு பகுதியார் மனம் வெறுத்து வேறு மாகாணத்துக்கே குடிபெயர்ந்தார்கள். எஞ்சியவர்கள் கடைசியில் லண்டனிலுள்ள பிரிவி கௌன்ஸில் வரையில் சென்று வழக்காடினார்கள். 1912-ம் வருஷத்தில் ஹால்டேன் பிரபு தீர்ப்பைப் படித்தார். நிலம் பாதிரி சங்கத்துக்குச் சொந்தம். இந்தியருக்கு அதில் பாத்தியதை இருப்பதாக நிரூபணமாகவில்லை. இதுவே முடிவு.

நமது பாட்டன்மாரின் வழக்குகளுக்கும் கடைசி வாசல் அந்தக் கௌன்ஸில்தான். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், அந்த மண்ணை ஒருநாளும் மிதித்திராத கனவான்கள், யாருடைய பிதிரார்ஜிதம் யாருக்கு என்று நிர்ணயித்து வந்தார்கள். அவர்களில் மேதாவிகள் இருந்தனர். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் முன் வைக்கப்பட்டது பத்திரம். பத்திரம் எழுதாத ஜனங்கள் அங்கே என்னத்தைக் காட்ட முடியும்? நம் நாட்டு வழக்குகள் அங்கே போவது 1949-ம் வருஷத்தில் நின்றது. அதே வருஷத்தில்தான் கானடாவும் அந்த வாசலை மூடியது. ஆனால் 1912-ம் வருஷத்துத் தீர்ப்பின் கீழ் கைமாறிய நிலம் கைமாறியதாகவே இருந்தது. 1936-ம் வருஷத்தில் பாதிரி சங்கம் கடன் தொல்லையால் நிலத்தின் பெரும்பகுதியைப் பெல்ஜியம் தேசத்து முதலாளிகளுக்கு விற்றது. 1945-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் மிச்சமிருந்ததைச் சில்லறைத் துண்டுகளாக வாங்கி அதில் மோஹாக்குகளை இருக்கச் செய்தது. நடுநடுவே கிராமத்தாரின் வீடுகள். பூர்வகுடிகள் மாடு மேய்த்து வந்த பொதுநிலம் இப்படிப் பல கைகளில் சிதறிவிட்டது.

அந்தப் பொதுநிலத்தின் ஒரு பகுதியில்தான் 1961-ம் வருஷத்தில் ஒன்பது குழிகள் கொண்ட கோல்ப் மைதானம் ஏற்பட்டது. மோஹாக்குகள் வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு விசாரணைக்கு வருமுன்பே மரங்கள் விழுந்து, இடுகாட்டின் அருகே புல்தரையும் மோட்டார் நிறுத்துமிடமும் உருவாகிவிட்டன. வழக்கு நடத்துவதைக் காட்டிலும் கோடாலி நடத்துவது எப்பொழுதும் விரைவான காரியம்.

இங்கே அவ்வாட்டத்தின் பூர்வோத்தரத்தைச் சிறிது சொல்லவேண்டும். கோல்ப் பிறந்தது ஸ்காட்லாந்து தேசத்துக் கடற்கரை மணல்மேடுகளில். உழவுக்கு உதவாத, ஆடு மேய்கிற, ஊர்ப் பொதுவான புல்வெளியில் குடியானவனும் பிரபுவும் ஒருங்கே விளையாடிய ஆட்டம் அது. ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில், 1552-ம் வருஷத்துச் சாஸனமொன்று, புல்வெளியில் விளையாடவும் மற்ற உபயோகங்களுக்கும் ஊராருக்கு உள்ள உரிமையை ஒப்புக்கொள்கிறது. பின்னொரு காலத்தில் அவ்வூர் நகரசபை கடனாளியாகி அந்தப் புல்வெளியை முயல் வளர்க்கும் வியாபாரிகளிடம் விட்டுவிட்டது. ஊரார் வெகுகாலம் போராடினார்கள். 1894-ம் வருஷத்தில் பார்லிமெண்டில் தனிச் சட்டம் செய்து நகரத்தார் அதைத் திரும்ப வாங்கினர். இன்றும் அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய மைதானத்தில் சாதாரணமாக ஆட்டம் கிடையாது. குழந்தைகளும் நாய்களும் உலாவும் பொதுவெளியாக அது இருக்கிறது. ஊர்ப் பொதுவில் பிறந்து, ஊர்ப் பொதுவை மீட்ட சரித்திரமுள்ள ஆட்டம், கடல் கடந்து சென்ற இடத்தில் ஊர்ப் பொதுவை அடைத்து வேலி போடுவதற்குக் காரணமாயிற்று. மோஹாக்குகளையும் விளையாட்டறியாத ஜனங்களென்று எவரும் நினைத்துவிட வேண்டாம். கானடாவின் தேசிய ஆட்டங்களில் ஒன்றாகிய லக்ராஸ் இந்தப் பூர்வகுடிகள் கண்டது. அதை அவர்கள் தெய்வத்தின் விளையாட்டு என்று போற்றுகிறார்கள்.

மறுபடியும் ஓகாவுக்கு வருவோம். 1977-ம் வருஷத்தில் கனெசதாகே மோஹாக்குகள் மத்திய சர்க்காரிடம் முறைப்படி நில உரிமை மனுச் செய்தார்கள். ஒன்பது வருஷங்கள் கழித்து, 1986-ம் வருஷத்தில், சட்ட நிபந்தனைகளுக்குப் பொருந்தவில்லை என்று மனு தள்ளப்பட்டது. மூன்று வருஷம் செல்லுமுன் ஓகா கிராம சபையின் தலைவர் ழான் வெல்லெத் என்பவர் ஒரு திட்டத்தை வெளியிட்டார். ஒன்பது குழி மைதானம் பதினெட்டுக் குழி மைதானமாகும். பக்கத்தில் செல்வர்களுக்கென்று சுமார் அறுபது வீடுகள் எழும். இதற்காக வெட்டப்படவேண்டியது பைன் தோப்பு. நெருங்கப்படுவது இடுகாடு. மோஹாக்குகளை ஒருவார்த்தை கேட்கவில்லை. பத்திரம் கையிலிருக்கிறது, கேட்பானேன் என்பது சபைத் தலைவரின் நிலை. அவரைக் கொடியவர் என்று நாம் வர்ணிக்க விரும்பவில்லை. வருமானம் வேண்டிய ஒரு சிறு கிராமத்துக்கு மைதானம் பணம் தரும். காகிதத்தில் உரிமை இருக்கிறது. கோர்ட்டாரும் குறுக்கே நிற்கவில்லை. நம்மூர் ஸ்தல ஸ்தாபனத் தலைவர்களில் எத்தனை பேர் அவர் இடத்திலிருந்தால் வேறு விதமாக நடந்திருப்பார்கள்?

1990-ம் வருஷம் மார்ச்சு மாதம் 10-ந் தேதி, மோஹாக்குகள் சிலர் தோப்புக்குச் செல்லும் மண்பாதையை மறித்து அங்கே உட்கார்ந்தார்கள். பனி உருகுமுன்பே உட்கார்ந்தவர்கள் வசந்தம் முழுவதும் எழுந்திருக்கவில்லை. கிராம சபை கோர்ட்டுக்குப் போய்த் தடையுத்தரவு வாங்கியது. அது போதாமல் மறுபடியும் ஜூன் மாதக் கடைசியில் வாங்கியது. மாகாணத்தில் பூர்வகுடிகள் இலாகா மந்திரியாயிருந்த ஜான் சியாச்சா, ஜூலை 9-ந் தேதி சபைத் தலைவருக்குக் கடிதம் எழுதி, காரியத்தை நிறுத்திவைக்கும்படி வேண்டினார். தங்களைக் கலக்காமலும் ஈடு கொடாமலும் தங்கள் நிலங்கள் மறைந்துபோவதைக் கண்டவர்கள் இவர்கள் என்பதை அந்த மந்திரியே அதில் ஒப்புக்கொண்டார். கடிதம் பயன் தரவில்லை. மூன்றாம் நாள், ஜூலை 11-ந் தேதி விடியற்காலையில், மாகாணப் போலீஸார் ஆயுதங்களுடன் தோப்புக்கு வந்தார்கள்.

அவர்களை எதிர்கொள்ள முன்வந்து நின்றவர்கள் பெண்கள். மண்ணைக் காப்பது எங்கள் கடமை என்று சொல்லி நின்றார்கள். கண்ணீர்ப் புகைக் குண்டுகள் வீசப்பட்டன. பிறகு இரு பக்கத்திலிருந்தும் துப்பாக்கிகள் வெடித்தன. சில விநாடிகளில் கார்ப்பொரல் மார்ஸெல் லெமே என்ற முப்பத்தொரு வயதுப் போலீஸ் அதிகாரி குண்டுபட்டு இறந்தார். அவர் அந்தத் தோப்பைப்பற்றித் தீர்மானித்தவரல்லர், உத்தரவுப்படி வந்தவர். அக்குண்டைச் சுட்டது இன்னார் என்று எவரும் இதுவரை தண்டிக்கப்படவில்லை. போலீஸார் தங்கள் வண்டிகளை விட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள். மோஹாக்குகள் அவ்வண்டிகளையே குவித்துப் பெரிய தடையரண் எழுப்பினார்கள்.

அதன்பின் நடந்ததெல்லாம் தேசமறிந்தது. கானவாகே என்ற மற்றொரு மோஹாக் ஊரார் தங்கள் உறவினருக்கு ஆதரவாக, மாண்ட்ரீலுக்குள் செல்லும் மெர்சியே பாலத்தை மறித்தார்கள். பட்டணத்துக்குப் போய்வரும் ஜனங்கள் தவித்தனர்; தவிப்பு ஆத்திரமாயிற்று. ஆகஸ்டு 28-ந் தேதி கானவாகேயிலிருந்து பெண்களும் குழந்தைகளும் முதியோரும் வெளியேறிய மோட்டார் வரிசையின்மேல் ஒரு கூட்டம் கல்மாரி பொழிந்தது. போலீஸார் பார்த்துக்கொண்டிருந்தனர். அதற்குள் போலீஸாரின் இடத்தில் துருப்புகள் வந்திருந்தன. தோப்பில் எஞ்சியிருந்தவர்களை முள்வேலி கட்டிச் சுருக்கிக்கொண்டே வந்தார்கள். ஜூலையில் ஆரம்பித்த முற்றுகை எழுபத்தெட்டு நாட்கள் நீடித்து, செப்டம்பர் 26-ந் தேதி முடிந்தது. அன்று வெளியே நடந்து வந்தவர்களில் ஒரு பதினான்கு வயதுச் சிறுமி, தன் சின்னஞ்சிறு தங்கையைத் தூக்கிக்கொண்டு வருகையில், சிப்பாயின் துப்பாக்கிக் கத்தியால் மார்பில் குத்துப்பட்டாள். பத்து வருஷங்களுக்குப் பின் 2000-ம் வருஷத்து ஸிட்னி ஒலிம்பிக் பந்தயத்தில், கானடா தேசத்தின் நீர்ப்பந்தாட்டக் குழுவில் விளையாடியவர் அதே பெண்தான். கைதானவர்களில் பெரும்பாலோரை 1992-ம் வருஷத்தில் ஜூரிமார் குற்றவாளிகளல்லரென்று விடுதலை செய்தனர்.

கோல்ப் திட்டம் கைவிடப்பட்டது. மத்திய சர்க்கார் சுமார் ஐம்பத்துமூன்று லட்சம் டாலர் கொடுத்து விவகாரத்துக்குரிய நிலத்தை வாங்கியது. 1991-ம் வருஷத்தில் பூர்வகுடிகளின் நிலைமையை விசாரிக்க ராஜாங்கக் கமிஷன் நியமிக்கப்பட்டது. 1996-ம் வருஷத்தில் அது ஐந்து பெரிய வால்யூம்களில் அறிக்கை சமர்ப்பித்தது.

இவ்விஷயத்தில் நமது மனத்தை உறுத்துவது ஒன்றுண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆயுதம் ஏந்திய எதிர்ப்பை இப்பத்திரிகை என்றும் ஆதரித்ததில்லை, இன்றும் ஆதரிக்கவில்லை. வெளியூர்களிலிருந்து துப்பாக்கியுடன் வந்து சேர்ந்த வீரர்களைக் கனெசதாகே வாசிகளே அனைவரும் விரும்பியதாகச் சொல்ல முடியாது; அவர்களிடையேயும் பிளவு இருந்தது. ஆனால் தேதிகளைப் பாருங்கள். மார்ச்சு 10-ந் தேதி முதல் ஜூலை 11-ந் தேதி வரையில், நான்கு மாத காலம், அந்த ஜனங்கள் பெரும்பாலும் அமைதியாகவே தோப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு முன் இருநூறு வருஷங்களுக்கு மேலாக மனு எழுதினார்கள். அந்த நாட்களிலெல்லாம் ஒட்டாவா நகரத்து மந்திரிகளுக்கு ஓகா எங்கே இருக்கிறதென்று கவலையில்லை. தேசத்துப் பத்திரிகைகளுக்கும் இடமில்லை. ஓர் அதிகாரி இறந்த பின்பே பணமும் வந்தது, கமிஷனும் வந்தது. 1977-ம் வருஷத்து மனுவைக் கையிலெடுத்துப் பேசியிருந்தால் ஐம்பத்துமூன்று லட்சம் டாலர் தேவைப்பட்டிராது; லெமேயும் வீட்டுக்குத் திரும்பியிருப்பார். சத்தியாக்கிரகத்தில் நம்பிக்கையுள்ள நாம், அது தோற்றுவிட்டதென்று இங்கே ஒப்புக்கொள்ளத் தயாராயில்லை. ஆனால் சத்தியாக்கிரகம் வெற்றிபெற எதிராளியின் மனசாட்சியோடு, பார்த்துக்கொண்டிருக்கும் பொதுஜனங்களின் கண்களும் வேண்டும். தண்டி யாத்திரையை உலகம் பார்த்தது. பைன் தோப்பில் உட்கார்ந்திருந்தவர்களை யார் பார்த்தார்கள்? ஒரு மூலையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் இருபது பேரைப்பற்றி எழுதாமல், கல் பறந்த பிறகு நிருபரை அனுப்புகிற பத்திரிகைகள் தாமும் அக்கல்லுக்குப் பொறுப்பாளிகளே. நம்மையும் சேர்த்தே சொல்லுகிறோம்.

கானடாவின் கதை கானடாவோடு போகட்டும் என்பார் சிலர். உதகையைச் சுற்றியுள்ள வென்லாக் புல்வெளிகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். தோடர்களின் எருமைகள் மேய்ந்த அப்புல்வெளிகளில் வெள்ளைக்காரத் துரைமார் குதிரையேறி நரி வேட்டையாடினார்கள், கோல்ப் மைதானமும் போட்டார்கள். தோடர்கள் எந்தப் பாலத்தையும் மறிக்கவில்லை. ஆதலால் அவர்களைப்பற்றி எந்தக் கமிஷனும் ஐந்து வால்யூம் எழுதவில்லை. சமவெளியில் நம் கிராமங்களின் மேய்க்கால் புறம்போக்கும், மந்தைவெளியும், குளத்துக்கரையும் எவ்வகையில் கைமாறுகின்றன என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. ரெவினியூ கணக்கில் பெயர் மாற்றம் ஒரு நாளில் நடந்துவிடுகிறது. அந்நிலத்தில் ஆடு மேய்ப்பவனுக்குச் செய்தி எட்டுவது புல்டோசர் வந்து நிற்கும்போதுதான்.

சட்டம் நமக்கு முற்றிலும் விரோதமாயிருக்கிறதென்று சொல்லவும் இடமில்லை. 2011-ம் வருஷம் ஜனவரி மாதத்தில், பஞ்சாபிலுள்ள பாடியாலா ஜில்லாவின் கிராமக் குளமொன்றை ஆக்கிரமித்தவர்கள் சம்பந்தமான ஜக்பால் சிங் வழக்கில், சுப்ரீம் கோர்ட்டார், கிராமப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்புகளை அகற்றி அவற்றை ஊராருக்குத் திரும்பக் கொடுக்க எல்லா ராஜ்ய சர்க்கார்களும் திட்டம் வகுக்க வேண்டுமென்று உத்தரவிட்டிருக்கிறார்கள். 1912-ம் வருஷத்து மோஹாக்குகளுக்கு வாய்க்காத ஆயுதம் இது. கிராமங்களில் வேலை செய்யும் தொண்டர்கள் இத்தீர்ப்பின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, தத்தம் ஊர்ப் புறம்போக்கின் சர்வே நம்பர்களையும் விஸ்தீரணத்தையும் இப்பொழுதே எழுதி வாங்கிவைக்க வேண்டும். அந்நிலத்தை யார் யார் எதற்காக உபயோகிக்கிறார்கள் என்பதையும், அங்கே யாருடைய சமாதிகள் இருக்கின்றன என்பதையும் சேர்த்து எழுதி, கிராம சபைக் கூட்டத்தில் படித்துப் பதிவு செய்விக்க வேண்டும். மரம் விழுந்த பிறகு செய்யும் மனுவின் கதியை மேலே கண்டோம்.

ஓகாவில் சர்க்கார் பணம் கொடுத்து வாங்கிய நிலத்தின் பத்திரம் சர்க்கார் பெயரிலேயே எழுதப்பட்டது. நில உரிமை மனு, முதலில் கொடுக்கப்பட்டு முப்பத்தொரு வருஷங்கள் கழித்து, 2008-ம் வருஷத்தில் பேச்சுவார்த்தைக்குரியதென்று ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2017-ம் வருஷத்தில் தோப்பின் பக்கத்தில் வீடு கட்ட மறுபடியும் வேலை ஆரம்பமாகி, மறுபடியும் மோஹாக்குகள் போய் நின்றார்கள். முற்றுகையின் முப்பதாம் ஆண்டு நினைவு 2020-ம் வருஷத்தில் வந்தபோதும் பேச்சுவார்த்தை முடிந்தபாடில்லை. பழைய ஒன்பது குழிகளில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.